சப்பாத்திப் பலகையும் சுண்டுவிரல் நகமும்

"பலகையைக் கெட்டியா புடிச்சிக்கினு நில்லுப்பா. நான் மூடுன்னு சொன்னா மட்டும் மூடு. நீயா எதுவும் பண்ணாத."

என் மகள் கௌசல்யா இதை மூன்றாவது முறையாகச் சொன்னாள். நானும் மூன்றாவது முறையாகத் தலையாட்டினேன். என் கையில் இருந்தது எங்கள் வீட்டுச் சப்பாத்திப் பலகை. அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தேன்.

எனக்கு ஒரு முழம் தள்ளி, தார்ப்பாய்க்குக் கீழே, மரக்கட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின். எங்கள் லாரியின் இன்ஜின். பின்னால் லாரி முகம் இல்லாமல், திறந்த வாயோடு நின்றது. திண்டிவனத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இது. தூறல் நின்றிருந்தது. தார்ப்பாயில் தேங்கிய தண்ணீர் சொட்டுச் சொட்டாக என் பின்கழுத்தில் விழுந்துகொண்டிருந்தது. நகர்ந்து நிற்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

பலகை எதற்கு என்று காலையில் இட்லி சாப்பிடும்போது கௌசி விளக்கியிருந்தாள். டீசல் இன்ஜின் சாவியைத் திருப்பினால் நிற்கிற சாதுவான பிராணி அல்ல. புதிதாகப் பூட்டிய இன்ஜின் எப்போதாவது கட்டுப்பாடு இழந்து, நிறுத்த நிறுத்த நிற்காமல், வேகம் ஏறி ஏறி, கடைசியில் சிதறிப் போகும். அப்போது ஒரே வழி, அது காற்று இழுக்கும் வாயை அடைப்பது. அதற்குத் தட்டையான கெட்டிப் பலகை வேண்டும். வீட்டில் அப்படி ஒன்றுதான் இருந்தது.

"சிதறிப் போகும்" என்ற இடத்தில் நான் இட்லியைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆனால் உண்மையில் நான் பயந்துகொண்டிருந்தது சிதறுவதற்கு அல்ல. வேறொரு சத்தத்துக்கு. இன்ஜின் ஓடி, உள்ளே எங்கேயாவது 'டொக் டொக்' என்று தட்டினால், அது என்னால் வந்த தட்டல். அது கேட்டால் மறுநாள் காலையில் லாரி பழைய இரும்புக்குப் போய்விடும். கௌசியும் பழைய கம்பெனிக்குப் போய்விடுவாள்.

அந்தக் கதையைச் சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நாலு போல்ட்டு

இந்தப் பத்திரிகைத் தொடரில் இதுவரை என் மனைவி ராஜியைப் பற்றி அதிகம் எழுதவில்லை. அவள் இதைப் படிப்பாள் என்பதுதான் காரணம். லாரி அவளுடையது. அவள் அப்பா நடத்திய தொழில், அவளிடம் வந்தது. ராஜியிடம் கனரக வாகன லைசென்ஸ் இருக்கிறது. எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும். விழுப்புரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. தினமும் ரயிலில் போய்வருவேன். எங்கள் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்த அவள் சித்தப்பா, "மாப்ள புக்கு அடுக்கறவராம், பொண்ணு லாரி ஓட்றவளாம், பேஜாருதான்" என்றாராம்.

கரும்பு வெட்டுக் காலத்தில் லாரி ஆலைக்கு ஓடும். மற்ற மாதங்களில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை, செங்கல், எது கிடைத்தாலும் ஏற்றும். இந்த வருஷம் செஞ்சி சாலையில் வெள்ளைப் புகையைக் கக்கி, இருமி, நின்றுவிட்டது. கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். பார்த்த மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே, "இன்ஜின் முடிஞ்சிடுச்சும்மா. இனிமே இதுக்கு மருந்து இல்ல" என்றார்.

அந்தச் சமயம் பார்த்து கௌசி லீவில் வந்திருந்தாள். ஆட்டோமொபைல் டிப்ளமா படித்துவிட்டு, சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அவள் மட்டும் சொல்லிக்கொள்ள மாட்டாள்.

"நாலு போல்ட்டுப்பா. என் முன்னாடி வண்டி வந்து நிக்கும். நாலு போல்ட்டு டைட் பண்ணுவேன். அது போய்டும், அடுத்தது வரும். ரெண்டு வருஷமா அதே நாலு போல்ட்டு. அஞ்சாவது எங்க இருக்குதுன்னுகூட எனக்குத் தெரியாது."

அவள் அம்மாவிடம் போய் நின்றாள். "இன்ஜினை நான் எறக்கறேன். நானே பிரிச்சி நானே பூட்டறேன்."

ராஜி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "பழைய இரும்புக்காரர்கிட்ட பேசிட்டேன்டி."

"எப்ப வரச் சொன்ன?"

"இன்னும் சொல்லல."

"பூஜை முடிஞ்சி வரச் சொல்லு."

கத்தி நின்றது. ராஜி மகளை ஏற இறங்கப் பார்த்தாள். "விஜயதசமிக்கு மறுநாள் ஞாயித்துக்கிழமை. அது வரைக்கும் டைம். ஓடலன்னா திங்கக்கிழமை காலையில வண்டி போய்டும். நீயும் மூட்டையைக் கட்டிக்கினு உன் நாலு போல்ட்டுக்கே போய்டணும். அழுகை கூடாது."

"ஓடுச்சின்னா?"

"ஓடுச்சின்னா இங்கயே கெட. உன்னை யாரு வெரட்டனா?"

இந்த ஒப்பந்தத்தில் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் மருந்துக்கடைக்குப் போய்ப் பஞ்சு, பிளாஸ்திரி, டிங்சர் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஒரு பாத்துவுக்கு ஒரு போல்ட்

போர்வெல் மோட்டார் தூக்குகிற இரும்பு முக்காலியையும் சங்கிலிக் கப்பியையும் வாடகைக்கு எடுத்து வந்தார்கள். அம்மாவும் பெண்ணும் சங்கிலியை இழுக்க, லாரியின் வயிற்றிலிருந்து இன்ஜின் கறுப்பாக, எண்ணெய் ஒழுக, அங்குலம் அங்குலமாக எழுந்து வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு, "பாத்து... பாத்து... பாத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இறக்கி வைத்ததும் கௌசி ஒரு சட்டம் போட்டாள். நான் ஒருமுறை "பாத்து" என்றால் ஒரு போல்ட்டை பெட்ரோலில் கழுவித் துடைக்க வேண்டும். அன்று மாலைக்குள் ஒரு வாளி போல்ட் கழுவிவிட்டேன். மூன்றாம் நாள் கழுவ போல்ட் மிச்சமில்லை. வால்வுகளை என்னிடம் தள்ளினாள். எனக்கும் அது பிடித்துப் போயிற்று. கரி படிந்து நிலக்கரித் துண்டு மாதிரி இருப்பது, தேய்க்கத் தேய்க்க வெள்ளிக் குங்குமச் சிமிழ் மாதிரி ஆவதைப் பார்க்க ஒரு தனி சந்தோஷம். இந்தச் சந்தோஷம்தான் பின்னால் வினையாகப் போகிறது என்று அப்போது தெரியவில்லை.

வீடே பட்டறை ஆனது. தயிர்சாதத்தில் டீசல் வாசனை. குளியலறைச் சோப்பு கறுத்துவிட்டது. புது பிஸ்டன்களைச் சூடாக்கினால்தான் அவற்றின் ஊசி உள்ளே நுழையும் என்று கௌசி ஆறு பிஸ்டன்களையும் எங்கள் இட்லிப் பானையில் போட்டு மூடினாள். பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "இன்னா ராஜி, இந்நேரத்துல இட்லி?" என்றார்.

"ஆமாக்கா. வேக லேட்டாவும்" என்றாள் ராஜி.

அம்மன் வருகிறாள்

இன்ஜினின் முதுகெலும்பு மாதிரி ஒரு பாகம் உண்டு. கிராங்க் என்பார்கள். ஓர் ஆள் தூக்க முடியாத கனம்; வளைந்து வளைந்து, இடுப்பை ஒடித்து நிற்கிற சிலை மாதிரி இருக்கும். அதையும் மற்ற சில பாகங்களையும் விழுப்புரம் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் மெருகேற்ற வேண்டும். கீறல் பட்டுவிடக் கூடாது என்று என் பட்டுக்கரை வேட்டி ஒன்றைச் சுற்றிக் கட்டினோம். குட்டி யானை வண்டியில் கௌசி முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பின்னால் உட்கார்ந்து கிராங்க்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். உருண்டு யார் மேலாவது விழுந்துவிட்டால்?

விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டிகள் வரிசையாக நின்றன. வெள்ளரிக்காய் விற்கிற அம்மா ஒருவர் பக்கத்தில் வந்தார். வேட்டி சுற்றிய உருவத்தையும், அதைப் பக்தியோடு அணைத்திருக்கும் என்னையும் பார்த்தார். கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"எந்த ஊரு சாமிங்க?"

"திண்டிவனம்" என்றேன். ஊரைக் கேட்டால் ஊரைச் சொல்வது என் வழக்கம்.

"அம்மனுங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கண்ணை மூடிவிட்டார். உதடுகள் அசைந்தன. மகளுக்கோ மகனுக்கோ எதையோ வேண்டிக்கொள்கிறார் என்பது தெரிந்தது. வேண்டிக்கொண்டிருக்கிறவரிடம் போய், "அம்மா, இது லாரி இன்ஜின்" என்று எப்படிச் சொல்வது? கண்ணைத் திறந்து, இரண்டு வெள்ளரிக்காயைக் கிராங்க்கின் காலடியில் வைத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

"பொய் சொல்லி வெள்ளரிக்கா வாங்கிட்டியாப்பா" என்று கௌசி விழுப்புரம் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள்.

பட்டறையில் தீப்பொறி பறந்ததால் நான் எதிர்ப்புற டீக்கடையிலேயே நின்றுவிட்டேன். அதனால் பட்டறைக்காரர் கௌசியிடம் சொன்னது என் காதில் விழவில்லை. பிறகுதான் தெரிந்தது. அவர் சொன்னாராம்: "கிராங்க் தப்பிச்சிது. ராடு ஆறும் நல்லா இருக்குது. கேப்பை மட்டும் மாத்திப் போட்றாதம்மா. அது புருஷன் பொண்டாட்டி மாதிரி. ஜோடி மாறுனா குடும்பம் நடக்காது."

ஒத்ததை ஒத்ததோடு

ராடு, கேப் என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிடுகிறேன். பிஸ்டனைக் கிராங்க்கோடு பிணைக்கிற இரும்புக் கைதான் ராடு. அதன் கீழ்முனை வளையல் மாதிரி வட்டமாக இருக்கும். கிராங்க்கின் மேல் பூட்டுவதற்காக அந்த வளையல் இரண்டாகப் பிரியும். கழற்றி எடுக்கிற அரைவட்டம்தான் கேப். ஆறு ராடு, ஆறு கேப். பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொரு ஜோடியையும் ஒன்றாகப் பூட்டி வைத்துத்தான் வட்டம் கடைந்திருப்பார்கள். ஒன்றின் கேப் இன்னொன்றுக்குச் சேராது. சேர்த்தால் வட்டம் முடி அளவுக்குப் பிசகும். அந்த முடி அளவு போதும், இன்ஜின் தட்டித் தட்டி உள்ளே எல்லாவற்றையும் உடைத்துக்கொள்ள.

ஆயுத பூஜைக்கு முதல்நாள் கௌசி புது பேரிங் பதிப்பதற்காக ஆறு கேப்பையும் கழற்றினாள். ஜோடி ஜோடியாகச் செய்தித்தாளில் வைத்து, கறுப்பு மார்க்கர் பேனாவால் ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டாள். பிறகு ராஜியின் குரல் வந்தது.

"கருவியெல்லாம் கீழ வைடி. நாளைக்கு சாமிக்கு வைக்கணும். விஜயதசமி காலையிலதான் இனிமே தொடணும். ஜல்தியா வா, பொரிகடலை வாங்கணும்."

எங்கள் வீட்டில் ராஜி எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட மாட்டாள். ஆயுத பூஜையன்று அவள் லாரிச் சாவியைக்கூடத் தொட்டதில்லை. அம்மாவும் மகளும் கடைவீதிக்குப் போனார்கள். நான் வீட்டில் தனியாக இருந்தேன்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. இந்த வருஷம் இவ்வளவு ஆயுதம் இருக்கிறதே, கொலு மாதிரி வைத்தால் என்ன? செங்கல் அடுக்கி, பலகை போட்டு, வெள்ளைத் துணி விரித்து மூன்று படி கட்டினேன். பிறகு கழுவ ஆரம்பித்தேன். சாமிக்கு வைப்பதில் கறை இருக்கலாமா? ஒவ்வொரு ராடையும் ஒவ்வொரு கேப்பையும் பெட்ரோல் தொட்டுத் தேய்த்தேன். அதில் ஏதோ கறுப்பாக இருந்தது. நன்றாகத் தேய்த்தேன்.

பிறகு அடுக்கினேன். நான் இருபத்தைந்து வருஷமாக நூலகத்தில் இருப்பவன். ஒத்ததை ஒத்ததோடு வைப்பதுதான் என் தொழில். மேல்படியில் சரஸ்வதி படம், இருபுறமும் மூன்று மூன்றாகப் பிஸ்டன் மாட்டிய ராடுகள். நடுப்படியில் ஆறு கேப்புகளும் பிறைநிலா வடிவத்தில். கீழ்ப்படியில் ஸ்பானர்கள், உயர வரிசைப்படி. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம்.

மறுநாள் பூஜைக்கு வந்த அக்கம்பக்கத்தார் வாய் பிளந்து நின்றார்கள். ராஜி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தாள். கௌசி தலைக்குக் குளித்து, தலைமுடி உலர்த்தியபடி தூரத்திலிருந்தே பார்த்து, "சூப்பர்ப்பா" என்றாள். படியின் பக்கம் வரவில்லை. தொடக் கூடாதே.

விஜயதசமி காலையில்தான் பக்கத்தில் வந்தாள். ஒரு கேப்பை எடுத்தாள். திருப்பினாள். இன்னொன்றை எடுத்தாள்.

"அப்பா. இதுல நம்பர் போட்டிருந்தேனே."

"அந்தக் கறுப்புக் கறையா? நல்லா தேச்சி எடுத்துட்டேம்மா" என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

கௌசி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கேப்பில் இருந்த குங்குமத்தைக் கட்டைவிரலால் மெதுவாகத் துடைத்தாள். "என் தப்புதான். இரும்புலயே பஞ்ச் அடிச்சிப் பொறிச்சிருக்கணும்" என்றாள். பிறகு விஷயத்தை விளக்கினாள். விளக்கி முடித்தபோது நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இல்ல... இல்ல... இல்ல

இரும்பிலேயே பழைய எண்கள் பொறித்திருந்தன. ஆனால் இந்த லாரியைப் பார்த்த ஒவ்வொரு மெக்கானிக்கும் தன் பங்குக்கு ஒன்று பொறித்திருந்தார். ஒரே கேப்பில் இரண்டு, ஐந்து, ஒன்று என மூன்று எண்கள் இருந்தன. லேத் பட்டறைக்காரருக்குப் போன் போட்டோம். பூஜை லீவுக்குக் குடும்பத்தோடு வெளியூர் போயிருந்தார். திங்கட்கிழமைதான் திறப்பாராம். எங்களுக்குத் திங்கட்கிழமை என்ற ஒன்று இல்லை.

"லைப்ரரியில அடுக்கற மாதிரியே அடுக்கிட்டீங்களா" என்றாள் ராஜி. "உங்களைத் தனியா வுட்டுட்டுப் போனது என் தப்பு."

கௌசி ஒரு ராடை எடுத்து, ஏதோ ஒரு கேப்பைப் பூட்டினாள். வளையத்துக்குள் விரலை விட்டு, இரண்டும் சேரும் இடத்தை நகத்தால் வருடினாள். "சரியான ஜோடின்னா சேர்ற எடமே தெரியாது. தப்புன்னா படி மாதிரி நகம் தட்டும்." மறுபடி வருடினாள். உதட்டைப் பிதுக்கினாள். வேலைக்காக நகத்தை ஒட்ட வெட்டியிருந்தாள். அவளுக்கு எல்லாமே வழவழப்பாகத்தான் இருந்தது. ராஜி முயன்றாள். அவளுக்கும் நகம் இல்லை.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் இடது கையைப் பார்த்தார்கள்.

என் இடது கைச் சுண்டுவிரல் நகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான் அதை வெட்டுவதில்லை. பழைய புத்தகங்களில் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். கத்தி விட்டால் கிழியும். நகம் விட்டால் கிழியாது. கண்ணுக்குத் தெரியாத ஒட்டைக்கூட அது தொட்டுச் சொல்லிவிடும். கல்யாணமான நாள் முதல் ராஜிக்கு அதைக் கண்டாலே ஆகாது. "கைய ஜேபியில வச்சிக்கினு வந்தா வாங்க, இல்லன்னா எங்க அண்ணன் கல்யாணத்துக்கு வராதீங்க" என்றவள் அவள். மூன்று முறை நகவெட்டியோடு துரத்தியிருக்கிறாள்.

அவள்தான் அன்று எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டாள். "உக்காருங்க" என்றாள், அப்படியொரு மரியாதையோடு.

கௌசி பூட்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு வளையத்துக்குள் நகத்தை விட்டேன். அட்டைக்கும் முதல் பக்கத்துக்கும் நடுவே இருக்கிற பள்ளம் மாதிரி ஏதோ தட்டியது.

"இல்ல."

அவிழ்த்தாள், அடுத்ததைப் பூட்டினாள். "இல்ல." அடுத்தது. "இல்ல." நான்காவது கேப். நகம் போய்க்கொண்டே இருந்தது. முழு வட்டம் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது.

"சேர்ற எடம் எங்கம்மா?"

"நீ அதை ரெண்டு தடவ தாண்டி வந்துட்டப்பா" என்றாள் கௌசி. அவள் குரல் மாறியிருந்தது.

ராஜி அதற்குள் நம்பவில்லை. மகளைச் சந்தோஷப்படுத்த நான் எதையாவது சொல்லிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். ஒரு துண்டை எடுத்து என் கண்ணைக் கட்டினாள். சரியானதையும் தப்பானதையும் மாற்றி மாற்றித் தந்தாள். பேச்சு கொடுத்துப் பார்த்தாள். நடுவில் ஒருமுறை கண்டுபிடிக்கிறேனா என்று எவர்சில்வர் டம்ளரைக்கூட நீட்டினாள். நகம் ஏமாறவில்லை. மதியத்துக்குள் ஆறு ஜோடியும் சேர்ந்துவிட்டன. ஒவ்வொன்று சேர்ந்ததும் கௌசி பஞ்ச் உளியை வைத்துச் சுத்தியலால் அடித்தாள். ஒரு புள்ளி. இரண்டு புள்ளி. இந்த முறை பெட்ரோலுக்குப் போகாத புள்ளி.

ஒன்று மட்டும் உறுத்தியது. நான்காவது ராடில் ஓர் இடத்தில் ஏதோ இருந்தது மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

"மத்த அஞ்சும் சரின்னா அதுவும் சரிதானங்க. வேற ஏது மிச்சம்?" என்றாள் ராஜி.

அது நியாயம். ஆனால் நான்காவது தப்பென்றால் மற்ற ஐந்தில் ஒன்றும் தப்பு என்பதும் நியாயம்தானே. இதை நான் வெளியே சொல்லவில்லை. அன்று சாயங்காலமும் மறுநாள் காலையும் அவர்கள் இன்ஜினைப் பூட்டப் பூட்ட, நான் மனசுக்குள் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். இன்ஜினை லாரியில் ஏற்ற நேரம் இல்லை. தரையிலேயே ஓட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று.

மூடு

ஆக, நான் பலகையோடு நிற்கிறேன்.

கௌசி டீசல் பம்பின் நெம்புகோலில் கை வைத்திருந்தாள். ராஜி பேட்டரியின் தடித்த வயரைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். பக்கத்து மொட்டை மாடியில் நாலைந்து தலைகள்.

"அம்மா, குடு."

ராஜி வயரைத் தொட வைத்தாள். பொறி பறந்தது. இன்ஜின் 'உர்ர்... உர்ர்...' என்று புரண்டு படுத்தது. வெள்ளையாக ஒரு கொத்துப் புகை. மறுபடி 'உர்ர்'. பிறகு ஒரு வெடி. இன்னொரு வெடி. பிறகு...

சைலன்சர் இல்லாத ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினை ஒரு முழத் தூரத்தில் நின்று கேட்டவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. பூமி என் செருப்பு வழியாக உள்ளே ஏறியது. பல் எல்லாம் தனித்தனியாக ஆடின. தார்ப்பாய்த் தண்ணீர் முழுக்க ஒரே மூச்சில் என் தலையில் கொட்டியது. சிதறப் போகிறது, என் பெண் பக்கத்தில் நிற்கிறாள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

பாய்ந்து பலகையை அதன் வாயில் அறைந்தேன்.

இன்ஜின் பலகையை என் கையிலிருந்து பிடுங்குகிற மாதிரி உறிஞ்சியது. நான் விடவில்லை. அதன் மேல் சாய்ந்து, நெஞ்சால் அழுத்தினேன். அது மூச்சுத் திணறி, ஒருமுறை குலுங்கி, நின்றது.

எங்கேயோ ஒரு காக்கை கத்தியது.

"நான் மூடுன்னு சொன்னனா?" என்றாள் கௌசி.

"இல்ல."

"பின்ன இன்னாத்துக்குப்பா மூடுன?"

"சத்தமா இருந்துச்சிம்மா."

"டீசல் இன்ஜின்ப்பா! சத்தமாத்தான் இருக்கும்! அழகா ஓடிக்கினு இருந்துது!"

நான் இன்னும் இன்ஜினைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். தலையில் தண்ணீர் வடிய, நெஞ்சில் சப்பாத்திப் பலகை. முதலில் ராஜியிடமிருந்து ஒரு விக்கல் மாதிரி வந்தது. பிறகு அவள் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ... அம்மனைக் கட்டிப் புடிச்ச மாதிரியே... புடிச்சிக்கினு..." அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. கௌசி நெம்புகோலைப் பிடித்தபடி குனிந்து குலுங்கினாள். மொட்டை மாடி முழுக்கச் சிரித்தது. கடைசியில் நானும். எனக்கு அழுகையும் சேர்ந்து வந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ராஜி பலகையைப் பிடுங்கித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "நீங்க அங்க, மாமரத்துக்கிட்ட போய் நில்லுங்க."

இரண்டாவது முறை வயரைத் தொட்டதுமே பிடித்துக்கொண்டது. கௌசி வேகத்தைக் குறைத்து நிதானமாக ஓடவிட்டாள். பிறகு ஒரு நீளமான மரக்குச்சியை எடுத்து, ஒரு நுனியை இன்ஜினில் ஊன்றி, மறு நுனியைக் காதில் வைத்தாள். உள்ளே தட்டினால் குச்சி வழியாகக் கேட்கும். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவதில் நின்றாள். அங்கேயே நின்றாள். மாமரத்தின் பட்டையை நான் உரித்துக்கொண்டிருந்தேன்.

அவள் என்னைப் பார்த்துக் கையசைத்தாள். போனேன். குச்சியை என்னிடம் தந்தாள்.

காதில் வைத்தேன். வெளியே அவ்வளவு இரைச்சல், குச்சிக்குள் வேறு உலகம். தினமும் நான் போகிற ரயில், பேரணி ஸ்டேஷன் தாண்டி நல்ல வேகம் எடுத்த பிறகு சீட்டுக்கு அடியில் கேட்கிற சத்தம். சீராக, ஒன்றன்பின் ஒன்றாக, எதிலும் தடுக்காமல். டொக் இல்லை. மறுபடி கேட்டேன். இல்லை. ராஜி கத்தி ஏதோ கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். அவள் பலகையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து அந்தச் சேற்றில் ஒரு சுற்றுச் சுற்றினாள். ஐம்பதை நெருங்கும் பெண்மணி. ஏற்கெனவே சொன்னேனே, இதையும் அவள் படிப்பாள்.

கை கழுவும்போதுதான் பார்த்தேன். இடது கைச் சுண்டுவிரலில் நகம் இல்லை. பலகையை அறைந்தபோது அடியோடு உடைந்திருந்தது.

திங்கட்கிழமை

இதெல்லாம் நடந்து சில வாரங்கள் ஆகின்றன. இன்னும் குக்கர் விசில் அடித்தால் நான் எழுந்து நின்றுவிடுகிறேன். பலகையில் இன்ஜின் வாயின் வட்டத் தழும்பு அப்படியே இருக்கிறது. ராஜி சப்பாத்தியை அந்த வட்டத்தின் அளவுக்கே தேய்க்கிறாள்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் பழைய இரும்புக்காரர் இழுவை வண்டியோடு வந்துவிட்டார். வராதீர்கள் என்று சொல்ல எல்லோரும் மறந்திருந்தோம். அவர் வரும்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். ராஜி கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே மறுபடி கேட்டார்.

"யாருங்க மெக்கானிக்கு?"

ராஜி மோவாயால் கௌசியைக் காட்டினாள். அவர் கௌசியின் பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை.

"கண்டாச்சிபுரத்துல ஒரு வண்டி எடுத்துப் போட்டிருக்கறேம்மா" என்றார். "இதே இன்ஜின்தான். நல்ல வண்டி. வெட்ட மனசு வரல. பாக்கறியா?"

"பிரிச்சிட்டாங்களா?"

"எவனோ பிரிச்சி, பாதியில வுட்டுட்டுப் போயிட்டான். எல்லாம் சாக்குல கொட்டி வச்சிருக்கறேன்."

"ராடு, கேப் எல்லாம்?"

"எல்லாம் ஒரே சாக்குலதான்."

"கொண்டாந்து போடுங்க" என்றாள் கௌசி.

வெறும் இழுவை வண்டியோடு அவர் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கத்தில் வந்து, இடது கையை எடுத்து, சுண்டுவிரலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். லேத் பட்டறைக்காரர் கிராங்க்கைப் பார்ப்பது மாதிரி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"இது வளர எத்தினி நாளு ஆவும்ப்பா?"